வசந்தத்தில் தெரு பெருக்கும் வண்டி: எந்தப் பகுதிக்கு முதலில், எதற்குக் கடைசியில்?

அமெரிக்காவின் வட பகுதியில், பனி விழும் ஒரு நகரத்தில் வாடகைக்கு இருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஊரின் ஒரு பக்கத்தில் ஏப்ரல் மாதமே தெருக்களைப் பெருக்கிக் கழுவிவிட்டார்கள். அவருடைய தெருவில் மே பாதி தாண்டியும் வண்டியைக் காணோம். குளிர்காலத்தில் போட்ட மணல் ஓரத்தில் அப்படியே கிடக்கிறது, காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது. வசதியானவர்கள் இருக்கும் பகுதிக்குத்தான் முதலிடமா, இல்லை இதற்கென்று ஏதாவது முறை இருக்கிறதா என்பது கேள்வி.

முறை இருக்கிறது. ஆனால் இந்தப் பகுதி ஒன்று, அந்தப் பகுதி இரண்டு என்று எண் போட்ட பட்டியலைத் தேடினால் பெரும்பாலான நகரங்களில் கிடைக்காது. சாலைகளுக்குத் தரவரிசை உண்டு, வண்டிகளுக்கு ரூட் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒரு பகுதி முன்னாலும் இன்னொன்று பின்னாலும் வந்து விழும். சாலைப் பராமரிப்புக்கு ரூட் போடும் வேலையில் சில காலம் இருந்தவன் என்பதால், அந்த அறைக்குள் என்ன பேசப்படும் என்று எனக்குத் தெரியும். "அங்கே பணக்காரர்கள் இருக்கிறார்கள், முதலில் போ" என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அதற்காக வசதிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சம்பந்தம் இருக்கும் இடம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், என்னத்தை அள்ளுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பனி உறையும்போது சாலையில் உப்புப் போடுவார்கள். சாலையின் வெப்பநிலை மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது. அப்போது டயருக்குப் பிடிமானம் கிடைக்க மணலோ பொடி ஜல்லியோ தூவுவார்கள். கனடாவின் கால்கரி மாதிரி கடுங்குளிர் ஊர்களில் மணலும் ஜல்லிப் பொடியும் கொஞ்சம் உப்பும் கலந்த கலவைதான் குளிர்காலம் முழுக்க. பனி உருகும்போது உப்பு தண்ணீரோடு கரைந்து போய்விடும், அதை எந்தத் துடைப்பமும் பிடிக்க முடியாது. மணலும் ஜல்லியும் அப்படியே தங்கும். கூடவே போன வருட இலையுதிர் காலத்தில் பனிக்கு அடியில் மாட்டிக்கொண்ட இலைகள், நாய்க் கழிவு, சிகரெட் துண்டு, பெயர்ந்த தார், உடைந்த கண்ணாடி எல்லாம் ஓரக்கல்லை ஒட்டி ஒரு வரப்பாகச் சேர்ந்திருக்கும்.

இதை அள்ள எப்போது ஆரம்பிப்பது என்பதைத் தேதி அல்ல, இரவு நேரக் குளிர்தான் முடிவு செய்யும். பெருக்கும் வண்டி தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போகும். பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் அந்தத் தண்ணீர் குழாயிலும் உறையும், சாலையிலும் உறையும். அதனால்தான் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் இருக்கும் மினியாபொலிஸில் பொதுவாக ஏப்ரல் பாதிக்கு மேல் தொடங்கி ஏறக்குறைய நான்கு வாரம் ஓடுகிறது. அங்கே நகரத் தெருக்கள் மொத்தம் 1,000 மைலுக்கு மேல். கால்கரியில் ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை இழுக்கும். ஏப்ரலில் திடீரென்று இன்னொரு பனிப்புயல் வந்தால் கதை கந்தல். பல ஊர்களில் பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிற அதே ஆட்கள்தான் பெருக்கும் வண்டியையும் ஓட்டுகிறார்கள். அவர்கள் திரும்பப் பனிக்குப் போய்விட்டால் பெருக்கல் ஒரு வாரம் தள்ளிப்போகும். வரிசையில் கடைசியில் இருக்கும் பகுதிக்குத்தான் அந்த வாரம் முழுசாகப் போய்ச் சேரும்.

சரி, வரிசைக்கு வருவோம். பெரும்பாலான ஊர்களில் முதல் விதி பெரிய சாலைகள் முன்னால் என்பதுதான். கால்கரியில் பனி அகற்றும்போது சாலைகளை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்திருப்பார்கள். ஒரு நாளைக்கு 20,000 வண்டிகளுக்கு மேல் போகும் சாலைகள் முதல் தரம், 5,000-க்கு மேல் போகிறவை இரண்டாம் தரம். வீட்டுத் தெருக்கள் அதற்கப்புறம். பெருக்குவதிலும் கிட்டத்தட்ட இதே எண்ணம்தான். காரணம் மரியாதை இல்லை. வேகமாகப் போகும் டயர்கள்தான் ஜல்லியை நசுக்கித் தூசியாக்குகின்றன. நான்கு வழிச் சாலையில் கிடக்கும் ஒரு கிலோ மணல், முட்டுச்சந்தில் கிடக்கும் ஒரு கிலோவைவிடப் பல மடங்கு தூசி கிளப்பும். மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் வளைவில் சறுக்குவது இந்த மணலில்தான். அப்புறம், பெரிய சாலைகளில் ராத்திரி வேலை செய்யலாம், நிறுத்தி வைத்த கார்களும் குறைவு. வீட்டுத் தெருவில் ராத்திரி பதினோரு மணிக்கு அந்த இரைச்சலோடு போனால் மறுநாள் கவுன்சிலருக்கு எத்தனை போன் வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் பாதைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். கார் ஓடும் தடத்தில் டயர்களே மணலை ஓரத்துக்குத் தள்ளிவிடும். அந்த ஓரத்தில்தான் சைக்கிள் பாதை இருக்கிறது. ஆக, ஊரின் மணலெல்லாம் சேருவது சைக்கிள்காரர் மேல். முன்பு இதை யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது பல நகரங்கள் முக்கிய சைக்கிள் பாதைகளைப் பெரிய சாலைகளோடு சேர்த்து முதலிலேயே எடுத்துவிடுகின்றன. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பல வருடம் சத்தம் போட்டுத்தான் இந்த இடத்தைப் பிடித்தார்கள். சத்தம் போட்டால் வரிசை மாறுமா என்று கேட்டால், இந்த மாதிரி மாறும்: ஒரு தெருவுக்காக அல்ல, ஒரு வகைச் சாலைக்காக.

பெரிய சாலைகள் முடிந்ததும் வீட்டுத் தெருக்கள். உங்கள் கேள்வி உண்மையில் இங்கேதான் இருக்கிறது. ஒரு வீட்டுத் தெருவுக்கும் இன்னொரு வீட்டுத் தெருவுக்கும் நடுவில் எதை முதலில் எடுப்பது? இங்கே தரவரிசை தீர்ந்துவிடும், வண்டியின் வயிறும் தண்ணீர்த் தொட்டியும் பேச ஆரம்பிக்கும்.

பெருக்கும் வண்டி வேலை செய்யும்போது நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம் போகும். அள்ளிய குப்பை சேரும் பெட்டிக்கு ஹாப்பர் என்று பெயர். சாதாரண வண்டியில் அது மூன்று நான்கு கன மீட்டர்தான் பிடிக்கும். ஜூலையில் அது நிரம்ப வெகுநேரம் ஆகும். ஏப்ரலில் முதல் சுற்றில் அது நிரம்பச் சில தெருக்களே போதும். தண்ணீர்த் தொட்டியும் அதே மாதிரிச் சீக்கிரம் காலி. அதனால் வசந்தத்தில் வண்டி தனியாகப் போவதில்லை. முன்னால் நடைபாதை ஓரத்திலிருந்தும் நடுத் திட்டிலிருந்தும் மணலைச் சாலைக்குத் தள்ளும் சின்ன வண்டி, அப்புறம் தண்ணீர் லாரி, அப்புறம் பெரிய துடைப்பம் சுழலும் வண்டி, அதற்கும் பின்னால் மிச்சமிருக்கும் பொடியைக் காற்றால் உறிஞ்சும் வண்டி, கூடவே குப்பையை வாங்கிக்கொண்டு போகும் டிப்பர் லாரிகள். இந்தக் கூட்டம் ஒரு தெரு முடித்து அடுத்த தெரு, அதற்கு அடுத்தது என்று ஒட்டி ஒட்டித்தான் நகர முடியும். நடுவில் ஊரின் அந்தக் கோடிக்கு ஓடிவிட்டுத் திரும்பினால் அரை ஷிஃப்ட் போச்சு.

அதனால் நகரத்தை மண்டலமாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒரு கூட்டத்தைக் கொடுத்து, டிப்போவுக்கோ குப்பை கொட்டும் இடத்துக்கோ வசதியான முனையில் தொடங்கச் சொல்வார்கள். எங்கேயோ தொடங்கினால் எங்கேயோ முடியத்தானே வேண்டும். முடியும் முனையில் இருக்கும் தெருக்களுக்கு மே கடைசி. பல வருடம் முன்பு யாரோ டிப்போ கட்ட எங்கே நிலம் மலிவாகக் கிடைத்தது என்று பார்த்தார்களே, இன்றைக்கு உங்கள் தெருவுக்கு வண்டி வரும் தேதியில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. வேடிக்கை என்னவென்றால், டிப்போக்கள் பெரும்பாலும் ரயில் தடத்தையும் தொழிற்சாலைகளையும் ஒட்டித்தான் இருக்கும். அந்தப் பக்கத்துக் குறைந்த வாடகைத் தெருக்களுக்குச் சில ஊர்களில் முதல் நாளே வண்டி வந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு தடை, பார்க்கிங் போர்டு. மினியாபொலிஸில் தற்காலிக 'நிறுத்தாதே' போர்டுகளைக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வைத்துவிடுவார்கள். போர்டு வைக்கிற ஆட்கள் பெருக்கும் கூட்டத்துக்கு ஒரு நாள் முன்னால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மழை வந்து ஒரு நாள் வேலை நின்றால், அந்தத் தேதி போட்ட போர்டுகள் எல்லாம் வீண், மறுபடி சுற்றி வந்து மாற்ற வேண்டும். ரூட் போடும்போது நான் பார்த்தவரை வேகத்தைத் தீர்மானித்தது இயந்திரங்களின் எண்ணிக்கை இல்லை, இந்தப் போர்டுக்காரர்கள்தான். வரவுசெலவுத் திட்டத்தில் புது வண்டி வாங்கினோம் என்று படம் எடுத்துப் போடலாம். போர்டு வைக்க இரண்டு ஆள் கூடுதலாக எடுத்தோம் என்றால் யார் கைதட்டப் போகிறார்கள்?

இதோடு குப்பை எடுக்கும் கிழமையில் அந்தத் தெருவுக்குப் போகக் கூடாது, தோண்டப்போகும் தெருவை வேலை முடிந்த பிறகு எடுக்க வேண்டும் என்று சின்னச் சின்ன விதிகள் நிறைய.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி: தண்ணீரும் மரமும். மினியாபொலிஸில் மழைநீர் வடிகாலில் விழுவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. அருகில் இருக்கும் ஏரிக்கோ, மின்னஹாஹா ஓடைக்கோ, மிசிசிப்பி ஆற்றுக்கோ நேராகப் போகும். ஊருக்குள் ப்டே மகா ஸ்கா, ஹாரியட், நகோமிஸ் என்று ஏரிகள் இருக்கின்றன. தெருவில் ஊறிய இலையிலிருந்தும் விதையிலிருந்தும் பாஸ்பரஸ் கரைந்து ஏரிக்குள் போனால் கோடையில் பச்சைப் பசேலென்று பாசி பிடிக்கும். ஒரு பவுண்டு பாஸ்பரஸ் 500 பவுண்டு வரை பாசியை வளர்க்கும் என்பது மினசோட்டாவில் பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லும் கணக்கு. புல்வெளி உரத்தில் பாஸ்பரஸ் இருக்கக் கூடாது என்று அந்த மாநிலம் 2005-லிருந்து மாநிலம் முழுக்கத் தடை போட்டதும் இதனால்தான். உரத்தை நிறுத்திய பிறகும் மரம் இருக்கிறதே.

மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரையர் லேக் என்ற சிறு நகரத்தில் 2010-லிருந்து 2012 வரை இதை அளந்து பார்த்தார்கள். மரக்கிளை அதிகம் மூடிய தெரு, நடுத்தரம், மரம் குறைந்த தெரு என்று பிரித்து, வெவ்வேறு இடைவெளியில் பெருக்கி, அள்ளியதை ஆய்வகத்தில் சோதித்தார்கள். செலவழிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் எங்கே அதிகப் பாஸ்பரஸ் கிடைக்கிறது என்று பார்த்தால், மரம் அடர்ந்த தெருக்களில், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினின் மேடிசனில் அமெரிக்க நிலவியல் ஆய்வகம் இலையுதிர் காலத்துக்குச் செய்த ஆய்வு 2016-ல் வெளிவந்தது. இலைகளை மழைக்கு முன் தெருவிலிருந்து அகற்றினால் அந்தப் பருவத்தில் மழைநீரோடு போகும் பாஸ்பரஸில் 84 சதவீதம் குறைகிறது என்றது. இந்த மாதிரி எண்கள் வந்த பிறகு, ஏரிக்கு வடியும் தெருக்களையும் மரம் அடர்ந்த தெருக்களையும் வரைபடத்தில் தனியாகக் குறித்து, அங்கே கூடுதல் சுற்று விடும் பழக்கம் மினசோட்டா ஊர்களில் வளர்ந்திருக்கிறது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பே, தெரு பெருக்கி எடுத்த பாஸ்பரஸை நகரத்தின் கணக்கில் வரவு வைக்கும் முறை வைத்திருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அது உங்கள் தெருவுக்கும் பொருந்தலாம். எல்ம், மேப்பிள் மரங்கள் பூவையும் விதையையும் கொட்டுவது ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை. மணலை அள்ள வேண்டும் என்றால் சீக்கிரம் போக வேண்டும், மழை வந்தால் வடிகாலுக்குள் போய்விடும். விதையை அள்ள வேண்டும் என்றால் தாமதமாகப் போக வேண்டும். ஒரே ஒரு சுற்றுதான் என்றால் இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கலாம். ஏப்ரல் 20-ல் பளபளவென்று கழுவிவிட்ட தெருவில் மே 25-ல் போய்ப் பாருங்கள், மேப்பிள் விதை கணுக்கால் அளவு கிடக்கும், அதை எடுக்க யாரும் வரப்போவதில்லை. கடைசியில் வந்த தெருவில் மணலும் விதையும் ஒன்றாகப் போயிருக்கும். மரம் நிறைந்த தெருவுக்குக் கடைசி இடம் என்பது, ஏரியைக் கேட்டால், தண்டனை இல்லை. தூசியைச் சுவாசிக்கும் மனிதரைக் கேட்டால் பதில் வேறு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தத் தூசியை வைத்தே வரிசை போடும் ஊர் ஹெல்சிங்கி. பின்லாந்தில் மார்ச், ஏப்ரலை ஊரார் 'தெருத்தூசிக் காலம்' என்றே சொல்கிறார்கள். குளிர்காலத்தில் நடைபாதைகளில் ஜல்லிப் பொடி தூவுகிறார்கள். போதாக்குறைக்கு ஆணி பதித்த டயர்கள் சாலையையே அரைத்துத் தூளாக்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி பிஎம் 10 எனும் நுண்தூசி ஒரு கன மீட்டர் காற்றில் ஒரு நாளைக்குச் சராசரி 50 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வருடத்துக்கு 35 நாளுக்கு மேல் போகக் கூடாது. 2024-ல் வந்த புது உத்தரவு இதை 2030-லிருந்து 45 மைக்ரோகிராம், 18 நாள் என்று இறுக்குகிறது. அந்த நாட்களில் பெரும்பகுதி வசந்தத்தின் சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும் என்பதால், எங்கே அளவுகருவி அதிகம் காட்டுகிறதோ அந்த நெரிசலான சாலைகளில் கால்சியம் குளோரைடு கரைசலைத் தெளித்துத் தூசியைக் கட்டிப்போடுகிறார்கள், பெருக்கும் கூட்டம் வருவதற்கு முன்பே. பெருக்கும்போது நடைபாதையை முதலில் எடுத்து, பிறகு சாலை, கடைசியில் கழுவுதல். மே தினத்துக்குள் ஜல்லியை எடுத்துவிட வேண்டும் என்பது ஊரின் எதிர்பார்ப்பு. அன்றைக்கு ஹெல்சிங்கி முழுக்கத் தெருவில்தான் இருக்கும். காரை எடுக்காதவர்களின் வண்டியைத் தூக்கிப் பக்கத்துத் தெருவில் வைத்துவிட்டுக் கட்டணம் வசூலிப்பார்கள்.

ஆணி டயரை விட்டுவைத்துத் தூசியை மட்டும் துரத்துவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஸ்டாக்ஹோமில் 2010-ல் ஹார்ன்ஸ்காத்தன் என்ற நெரிசலான தெருவில் ஆணி டயருக்கே தடை போட்டார்கள். மூலத்தைத் தொட்டவர்கள் அவர்கள்தான்.

யாருடைய சாலை என்பதும் வரிசையைக் குலைக்கும். அலாஸ்காவின் ஆங்கரேஜில் சில சாலைகள் நகராட்சிக்கும் சில மாநிலப் போக்குவரத்துத் துறைக்கும் சொந்தம். மினியாபொலிஸில் லேக் ஸ்ட்ரீட் ஹென்னபின் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சாலை. ஹெல்சிங்கியின் மையப் பகுதியில் நடைபாதையைச் சுத்தம் செய்வது பெரும்பாலும் பக்கத்துக் கட்டிடச் சொந்தக்காரர் பொறுப்பு. ஆகவே ஒரு தெரு பளிச்சென்றும் அடுத்தது புழுதியாகவும் இருந்தால், இரண்டும் வேறு வேறு அலுவலகத்தின் கையில் இருக்கலாம்.

அடுத்தது அரசியல். சிகாகோவில் 50 வார்டுகள். ஏப்ரல் தொடக்கத்திலிருந்து நவம்பர் வரை பெருக்கும் பருவம். வார்டு வாரியாகத்தான் அட்டவணை வெளிவரும், ஆரஞ்சு நிறப் போர்டு முந்தின நாள் ஒட்டப்படும். எந்தக் கவுன்சிலரும் தன் வார்டுக்குக் குறைவாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாதபடி பங்கு பிரிப்பது இதில் உள்ள நியாயம். குறை என்னவென்றால், குப்பை வார்டு எல்லையைப் பார்த்து விழுவதில்லை. இதே சிகாகோ வீட்டுக் குப்பை எடுப்பதை 2013-க்குள் வார்டு முறையிலிருந்து கட்டம் கட்டமான புவியியல் முறைக்கு மாற்றிவிட்டது, லாரிகள் குறைந்தன. செயல்திறனா, சமபங்கா என்ற இழுபறி ஒரே ஊருக்குள்ளேயே இப்படித் தீராமல் கிடக்கிறது.

இதைவிடச் சூட்சுமமான விஷயம் 311-க்கு, அதாவது நகராட்சியின் புகார் எண்ணுக்கு, வரும் புகார்கள். முதல் சுற்று முடிந்த பிறகு விடுபட்ட இடங்களுக்கு மறுபடி போவார்கள், அது பெரும்பாலும் புகார் வந்த இடங்களுக்குத்தான். போன் செய்து அதிகாரியிடம் பேசத் தயங்காதவர், ஆங்கிலம் சரளமாக வருபவர், பகலில் வீட்டில் இருப்பவர், சொந்த வீட்டுக்காரர் அதிகம் புகார் செய்வார். இரண்டு வேலை பார்க்கும் வாடகைக்காரர் செய்ய மாட்டார். நேற்று வந்த குடியேறி, புகார் செய்தால் வம்பு வருமோ என்று பார்ப்பார். நம்மவர்களும் இதில் சேர்த்திதான். ஆக, புகார் வரைபடத்தைப் பார்த்தால் அழுக்கான தெரு சுத்தமாகவும் சுத்தமான தெரு அழுக்காகவும் தெரியும். இதற்கு மாற்றாக லாஸ் ஏஞ்சலஸ் 2016-ல் கிளீன்ஸ்டாட் என்று ஒன்றைத் தொடங்கியது. ஆட்கள் வண்டியில் போய் நகரத்தின் தெருக்களைப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து மூன்று வரை மதிப்பெண் போட்டு, மூன்று வாங்கிய இடத்துக்கு முதலில் கூட்டத்தை அனுப்புவது. அங்கே பனி கிடையாது, வசந்தப் பெருக்கலும் கிடையாது. ஆனாலும் கூப்பிட்டவர் வீட்டுக்கு முதலில் போகும் பழக்கத்துக்கு நான் பார்த்த நல்ல மருந்து அதுதான்.

இப்போது வசதிக்கு வருகிறேன். உண்மையான ஏற்றத்தாழ்வு எப்போது வருகிறார்கள் என்பதில் இல்லை, வந்தபோது தெரு காலியாக இருந்ததா என்பதில் இருக்கிறது. தனி வீடுகள் உள்ள பகுதியில் ஒவ்வொருவருக்கும் கராஜ் உண்டு, டிரைவ்வே உண்டு, மினியாபொலிஸ் மாதிரி ஊரில் பின்சந்தும் உண்டு. போர்டு வைத்தால் காரை உள்ளே விட்டுவிடுவார்கள். வண்டி ஓரக்கல்லை ஒட்டி நேராக ஒரு கோடு போட்ட மாதிரிப் போகும். அபார்ட்மென்ட் நெருக்கமான தெருவில் காருக்கு வேறு இடமே இல்லை. இரவு ஷிஃப்ட் முடித்துக் காலை ஏழு மணிக்குத் தூங்கப் போனவர் எட்டு மணிக்கு எழுந்து காரை எங்கே கொண்டு விடுவார்? ஒரு கார் நின்றால் வண்டி அதைச் சுற்றிப் போக வேண்டும். முன்னாலும் பின்னாலும் திரும்பும் தூரத்தைச் சேர்த்தால் மூன்று கார் நீளத்துக்கு ஓரம் பெருக்கப்படாது. மணல் கிடப்பதோ அந்த ஓரத்தில்தான். ஒரு பக்கத்தில் ஆறு கார் நின்றால் அந்தத் தெருவைப் பெருக்கியதாகக் கணக்கில் ஏறும், ஆனால் பாதி மணல் அங்கேயே இருக்கும். காருக்கு அபராதமும், அதை இழுத்துக்கொண்டு போகும் டோ வண்டியின் செலவும் தனி. கட்டக் கஷ்டப்படுகிறவரிடம்தான் அது போய்ச் சேரும்.

அதனால் வரிசையை மாற்றுவதைவிட, நெருக்கமான தெருக்களில் இன்று ஒரு பக்கம் நாளை மறுபக்கம் என்று பிரிப்பது, அருகில் உள்ள பள்ளி மைதானத்தையோ கோயில், சர்ச் பார்க்கிங்கையோ அன்றைக்கு மட்டும் திறந்துவிடச் சொல்வது, போர்டோடு போனுக்குத் தகவல் அனுப்புவது, டோ வண்டிக்கு முன்னால் ஒருவர் ஹாரன் அடித்துக்கொண்டு போவது இவையெல்லாம் அதிகப் பலன் தரும் என்பது என் அபிப்பிராயம். ரூட்டை ஒரு வருடம் இந்த முனையிலிருந்தும் மறு வருடம் அந்த முனையிலிருந்தும் தொடங்குவது நியாயமான யோசனைதான், ஒரே தெரு வருடா வருடம் கடைசியில் நிற்க வேண்டியதில்லை. ஓட்டுநர்களுக்கு அது பிடிக்காது. பழகிய ரூட்டில் எந்தத் திருப்பத்தில் எந்தக் கிளை கண்ணாடியில் இடிக்கும் என்று அவர்களுக்கு மனப்பாடம்.

உங்கள் தெருவுக்குச் செய்யக்கூடியவை சிலவற்றைச் சொல்கிறேன். நகரத்தின் இணையதளத்தில் முகவரி போட்டுத் தேதி பார்க்கும் வசதி பெரும்பாலும் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். தேதி கடந்தும் வரவில்லை என்றால் 311-ல் "எங்கள் தெரு அழுக்காக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை, எந்தப் பக்க ஓரம், போர்டு வைத்தார்களா, வண்டி வந்ததா வரவில்லையா என்று சொல்லுங்கள். வந்து பாதி விட்டுப் போனது ஒரு புகார், வரவே இல்லை என்பது வேறு புகார். இரண்டும் வேறு வேறு ஆளிடம் போகும். சாலை நகரத்தினுடையதா கவுண்டியினுடையதா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடுங்கள். பக்கத்து நான்கு வீட்டுக்காரர்களும் தனித்தனியாகப் பதிவு செய்தால் இன்னும் நல்லது.

வரிசையை மாற்றக் கேட்பதானால் மே மாதம் கேட்டுப் பிரயோசனம் இல்லை, ரூட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். ரூட் வரைபடம் பொதுவாகக் குளிர்காலத்தில்தான் திருத்தப்படும். ஜனவரி வாக்கில் கவுன்சிலர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். உங்கள் தெருவில் ஆஸ்துமா உள்ள குழந்தைகள் வந்துபோகும் பள்ளியோ, முதியோர் இல்லமோ, ஏரிக்கு நேராக வடியும் வடிகாலோ இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். ரூட் போடுகிறவருக்கு வரைபடத்தில் குறிக்க ஒரு காரணம் தேவை, கோபத்தைக் குறிக்க வழியில்லை.

அதுவரை வீட்டு முன்னால் இருக்கும் வடிகால் மூடியின் மேல் சேர்ந்த இலையையும் மணலையும் ஒரு மண்வாரியால் அள்ளிப் பையில் போட்டுவிடலாம். ஹாம்லின் பல்கலைக்கழகம் நடத்தும் ஒரு திட்டத்தில் மினசோட்டாவாசிகள் ஆளுக்கொரு வடிகாலைத் தத்தெடுத்து இதைத்தான் செய்கிறார்கள். முற்றத்து மணலையும் புல்லையும் மட்டும் "எப்படியும் வண்டி வரப்போகிறதே" என்று தெருவுக்குத் தள்ளிவிடாதீர்கள். ஹாப்பர் சீக்கிரம் நிரம்பும், உங்களுக்கு அடுத்த தெருக்காரருக்கு இன்னும் ஒரு நாள் தள்ளும்.